தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தேட வேண்டியது அவருடைய பெயரை அல்ல, எண்ணை. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் அங்கே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வீட்டில் இருக்கும் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அந்த எண் பல நேரம் இருக்கும். பெட்டியில் கிடக்கும் கிழிந்த தாளைக்கூட விடாதீர்கள்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அவரைப் பிடித்துவிடலாம். தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். அந்தத் தழும்புக் குறிப்பைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும்.

எண் இல்லையென்றால் வேலை கடினம். முனுசாமி, கோவிந்தன் என்ற பெயர்களில் ஏராளமானவர்கள் இருப்பார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பழைய வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், சித்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. இன்றைய மாவட்டத்தை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வம் எது என்று கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்த குடும்பங்களில்கூட சாமி பெயர் நிலைத்திருக்கும். ஒரே பெயரில் இரண்டு கிராமங்கள் வந்தால், அந்தச் சாமிக்கு எங்கே கோயில் இருக்கிறது என்று பார்த்தே முடிவுசெய்யலாம். "அரச வம்சம்" என்பது போன்ற கதைகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பட்டியலோடு பொருந்தும் வரை நம்ப வேண்டாம்.