வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் எவ்வளவு? (கேள்வி பதில்)

நில அளவையிலும் வரைபட வேலையிலும் இருப்பவன் என்பதால் வரைபடத்தின் ‘ஸ்கேல்’, அதாவது ‘அளவை’ பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அளவை 1:1000 என்றால் தாளில் ஒரு செ.மீ., நிலத்தில் 1000 செ.மீ. (10 மீட்டர்). வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு கீழே தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நிலம் விலைக்கு வருகிறது. இணையத்தில் எஃப்.எம்.பி. (சர்வே எண்ணுக்குரிய புல வரைபடம்) எடுத்துப் பிரிண்ட் போட்டேன். மேலே 1:1000 என்று இருக்கிறது. நீளமான பக்கத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் 4.2 செ.மீ., அதாவது 42 மீட்டர்தான் வருகிறது. விற்பவரோ 60 மீட்டர் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: அவசரப்பட்டு அவரைச் சந்தேகிக்காதீர்கள். அந்தக் கோட்டை ஒட்டியே பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 60.0 என்று இருந்தால் அவர் சொல்வது பதிவேட்டோடு பொருந்துகிறது. சுருங்கியது உங்கள் தாள்தான். ஏ3 அளவுப் பக்கத்தை ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்து ஏ4 தாளில் எடுத்தால் ஒவ்வொரு கோடும் சுமார் 71 சதவீதமாகக் குறையும். 6 செ.மீ. கோடு 4.2 ஆகிவிடும். மேலே அச்சான 1:1000 மட்டும் அப்படியே நிற்கும். உங்கள் கையில் இருக்கும் தாளின் உண்மையான அளவை ஏறக்குறைய 1:1414.

பரப்பில் இது இன்னும் மோசம். 60-க்கு 40 மீட்டர் நிலம் 2,400 சதுர மீட்டர், 59 சென்ட் சொச்சம். இந்தத் தாளை 1:1000 என்று நம்பிக் கணக்குப் போட்டால் 30 சென்ட்கூடத் தேறாது. நீளம் 71 சதவீதம் ஆனால் பரப்பு பாதியாகிவிடும். பெரிதாக்கி எடுத்த ஜெராக்ஸில் இதே தவறு தலைகீழாக நடக்கும். அப்போது நஷ்டம் வாங்குபவருக்கு. எஃப்.எம்.பி.யில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கைப் படியுங்கள், தாளின் மேல் ஸ்கேல் வைக்காதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வேயரை அழைத்துக் கல் பார்த்து அளந்துவிடுங்கள்.

கேள்வி: ஜெராக்ஸ் எடுத்தாலும் கெட்டுப்போகாத அளவை ஏதாவது உண்டா?

பதில்: கோட்டு அளவை. 0, 100, 200 மீட்டர் என்று பிரித்து ஓரத்தில் ஒரு பட்டை வரைந்திருப்பார்களே, அதுதான். தாள் சுருங்கினால் பட்டையும் சேர்ந்து சுருங்கும். ஒரு நூலை வைத்து அளந்து பட்டையில் பொருத்திப் பார்த்தால் போதும்.

கேள்வி: மாஸ்டர் பிளான் பி.டி.எஃப்.பை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏரி எல்லைக் கோடு எங்கள் மனைக்குள் பாதி தூரம் வருகிறது. வீடு கட்டலாமா, கூடாதா?

பதில்: அந்தப் படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் களத்தில் அளக்காத விவரம் புதிதாக வந்துவிடாது. அந்த ஏரிக் கோடு 1:50,000 இடவரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 25 மீட்டரை அடைத்துக்கொள்ளும். முப்பதுக்கு நாற்பது அடி மனை முழுவதுமாக அந்தக் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும்! கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஏரியின் சர்வே எண்ணையும் உங்கள் சர்வே எண்ணையும் கிராம வரைபடத்தில் பாருங்கள், இரண்டின் எஃப்.எம்.பி.யையும் எடுங்கள். இதில் அலட்சியமாக இருந்துவிட்டுப் பிறகு தவிக்கும் குடும்பங்கள் நிறைய.

கேள்வி: மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயில் பாதை 46 கி.மீ. வரைபடத்தில் அளந்தால் 29 கி.மீ.தான் வருகிறது. மலை ஏறுவதால்தானே இந்த வித்தியாசம்?

பதில்: ஏற்றத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. பாதையின் செங்குத்தான பகுதியிலேயே சரிவு 12-க்கு 1 தான். ஏற்றத்தால் கூடும் நீளத்தை எல்லாம் கூட்டினாலும் சுமார் நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். மீதி அத்தனையும் வளைவு. நீங்கள் அளந்தது நேர்க்கோட்டுத் தூரம். பாதையின் மேலேயே நூல் வைத்து அளந்தாலும் மாநில வரைபடத்தில் 46 வராது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவையில் 200 மீட்டர் வளைவு 0.2 மில்லிமீட்டர். வரைபவர் அதை நீவி நேராக்கித்தான் ஆகவேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மாநில வரைபடத்தில் இதே கதிதான்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழகக் கடற்கரை ஓரிடத்தில் 906.9 கி.மீ., இன்னோரிடத்தில் 1,076, செய்தியில் 1,068.69. எதுதான் சரி? கடல் ஊரை அரித்துக்கொண்டு வருகிறதா?

பதில்: நல்ல கேள்வி. அரிப்பு உண்மைதான், ஆனால் இந்த வித்தியாசத்துக்கு அது காரணமில்லை. இந்தியாவின் கடற்கரை 7,516.6 கி.மீ. என்று நாம் படித்த எண் 1970களில் 1:45,00,000 அளவையில் கணக்கிட்டது. தமிழகத்துக்கு 906.9 அந்தக் கணக்கில் வந்ததுதான். அந்த அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நாலரை கிலோமீட்டர். எண்ணூர்க் கழிமுகமும் பிச்சாவரத்துக் கால்வாய்களும் அதில் எங்கே தெரியும்? பிற்பாடு 1:2,50,000 அளவையில் கணக்கிட்டபோது ஒரு மில்லிமீட்டர் 250 மீட்டராகிவிட்டது. வளைவு நெளிவெல்லாம் கணக்கில் ஏறின. நாட்டின் மொத்தம் 11,098.81 கி.மீ. ஆனது; நீங்கள் செய்தியில் பார்த்த 1,068.69 இந்தக் கணக்கில் தமிழகத்துக்கு வந்தது. குஜராத் 1,214.7-லிருந்து 2,340.62-க்குப் போனது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. கட்ச் பகுதியின் ஓடைகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் முன்பே இதைக் கவனித்தார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் பகிர்ந்துகொள்ளும் ஒரே எல்லைக்கு 987 கி.மீ. என்றும் 1,214 கி.மீ. என்றும் இரண்டு நீளம் பதிவாகியிருந்தது. அளக்கும் குச்சி சிறிதாகச் சிறிதாகக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போகும். ஆகவே எந்த அளவையில் எடுத்தது என்று சொல்லாத எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். 1,076-ஐ மற்ற இரண்டோடு வைத்து ‘கூடியது, குறைந்தது’ என்று பேசுவதில் அர்த்தமில்லை. தேர்வில் மட்டும் உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

கேள்வி: கணினியில் கூகுள் மேப்ஸைச் சென்னையிலிருந்து நார்வேயின் ஆஸ்லோவுக்கு நகர்த்தினேன். ஜூம் செய்யவே இல்லை, ஆனால் கீழே இருக்கும் அளவுகோல் மாறுகிறது. கோளாறா?

பதில்: இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வகுத்த முறையில் வரைந்த படம் அது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் படம் இழுபடும். சென்னை இருக்கும் 13 பாகையில் இழுப்பு மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஆஸ்லோ 60 பாகையை ஒட்டி இருப்பதால் அங்கே நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. சுவரில் மாட்டும் உலகப் படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ., இந்தியா 32.9 லட்சம். அப்படிப்பட்ட உலகப் படத்தில் ‘1 செ.மீ. = இத்தனை கி.மீ.’ என்று ஒரே அளவை போட்டிருந்தால் அது நிலநடுக்கோட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி: அமெரிக்க வரைபடத்தில் அலாஸ்கா ஏன் ஒரு மூலையில் குட்டிப் பெட்டிக்குள் இருக்கிறது?

பதில்: இடம் போதாததால். பெட்டிக்குள் பெரும்பாலும் வேறு அளவை இருக்கும். டெக்சாஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய மாநிலம் அலாஸ்கா; பெட்டியைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. இப்படிப் பெட்டி போட்ட எந்தப் படத்திலும் உள்ளே தனி அளவுகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வெளியே உள்ளதை வைத்து உள்ளே அளக்காதீர்கள்.