சாம்பிளில் தார் வாடை மட்டும் வருகிறதே?

மாஸ்கோவிலிருந்து வந்த வாசனைத் திரவியச் சாம்பிளோடு இருந்த கதைக் குறிப்பில் 'மழைக்குப் பின் காடு' என்று இருக்கிறது, உங்களுக்குத் தார் வாடைதான் வருகிறது, கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன். அது பெரும்பாலும் பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தின் பட்டையைச் சூளையில் சுட்டு வடிக்கும் தார். ரஷ்யாவில் தோல் பதப்படுத்தவும் பூட்ஸுக்குப் பூசவும் காலங்காலமாகப் பயன்பட்டது. வாசனைத் திரவியங்களில் 'ரஷ்யன் லெதர்' என்று சொல்லும் தோல் மணமே அதில்தான் பிறந்தது. நீராவிக் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்வதும் பிர்ச் இலைக்கொத்துதான். அதனால் அங்கே வளர்ந்தவருக்கு அந்தப் புகைவாடை காட்டையே கண்முன் கொண்டுவரும்.

ஆனால் அந்தத் தார் கொஞ்சம் கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மணிக்கட்டில் ஒரே ஒரு சொட்டு, தேய்க்க வேண்டாம். அரை மணி நேரம் கழித்து, மூக்கை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்து முகர்ந்து பாருங்கள். அப்புறம் எப்படி இருந்தது என்று அவசியம் எழுதுங்கள்.