ஜி5 பமாம் விட்டாலே செல்கள் சாகின்றன: முதலில் மெத்தனாலைப் பாருங்கள்

வணக்கம். ஜி5 பமாம் டென்ட்ரிமரோடு (மரம்போல் கிளைத்த செயற்கை மூலக்கூறு, ஐந்தாம் தலைமுறை) பிளாஸ்மிட் டிஎன்ஏவைச் (செல்லுக்குள் செலுத்த வேண்டிய வளைய டிஎன்ஏ) சேர்த்து ஹீலா செல்களுக்கு (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) விட்டால் மறுநாளே பாதிக்கு மேல் செத்து மிதக்கின்றன, வெறும் டென்ட்ரிமர் விட்ட வெல்லிலும் (தட்டின் குழியிலும்) அதே கதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். உங்கள் பிளாஸ்மிட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

பமாம் பெரும்பாலும் மெத்தனாலில் கரைத்துத்தான் வரும். பாட்டிலிலிருந்து நேராக எடுத்தீர்களா? அப்படியானால் மெத்தனாலே செல்களைக் கொன்றிருக்கலாம். தேவையான அளவை நைட்ரஜன் ஊதி உலர்த்தி, இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்து, பிறகு பஃபரில் கரையுங்கள். இது தெரியாமல் நான் இரண்டு வாரம் இழந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் செத்தால் மின்சுமைதான் காரணம். ஜி5-இன் மேற்பரப்பில் 128 அமீன்கள் (நேர்மின்சுமை ஏற்கும் நைட்ரஜன் தொகுதிகள்). அந்த நேர்மின்சுமை செல்சவ்வைக் குலைத்துவிடும். அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அந்த அமீன்களில் ஒரு பகுதியை மட்டும் மூடுங்கள். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை ஏற்றுபவர்கள் தாராளமாக மூடலாம். நீங்கள் முழுக்க மூடினால் டிஎன்ஏ ஒட்டாது. உள்ளே இருக்கும் மூன்றாம்நிலை அமீன்களுக்கு இதனால் பாதிப்பில்லை, எண்டோசோமிலிருந்து (செல் விழுங்கியதை அடைத்து வைக்கும் பை) டிஎன்ஏ வெளியேற அவைதான் கைகொடுக்கும்.

நைட்ரஜன்-பாஸ்பேட் விகிதம் (டென்ட்ரிமர் அமீன்களுக்கும் டிஎன்ஏ பாஸ்பேட்டுகளுக்கும் உள்ள விகிதம்) 20 என்றீர்கள். 1, 2, 5, 10 என்று வைத்து ஜெல் ஓட்டுங்கள் (மின்சாரத்தால் டிஎன்ஏவை ஜெல்லில் நகர்த்திப் பார்க்கும் சோதனை). டிஎன்ஏ நகராமல் மேலேயே நிற்கிற மிகக் குறைந்த விகிதத்திலிருந்து தொடங்குங்கள். ஜெல் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.