வாசகர் கேள்வி: கரன்ட் கட் ஆகும் என்று ஒரு மெசேஜ்

கேள்வி: ‘கரன்ட் பில் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று அம்மாவுக்கு மெசேஜ் வந்தது. அந்த நம்பருக்குப் பேசி, அவர்கள் அனுப்பிய ஆப்பை நிறுவியதும் பென்ஷன் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. ஓடிபியை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. இப்போது என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஓடிபியைச் சொல்லத் தேவையே இல்லை. அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கிடைத்தால் ஓடிபியை அதுவே படித்துவிடும். அதனால் அதே போனில் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். புதியதும் அவர்களிடம் போகும். முதலில் வைஃபை, டேட்டா இரண்டையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து, கார்டின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்து கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண் வேண்டாம், அதிலும் போலிகள் உண்டு.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால் புகார் செய்யும்வரையிலான இழப்பு அவருடையது. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. புகார் நேரத்துக்குச் சான்று அந்தப் புகார் எண்தான்.

போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டைச் செய்துவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து, ஆன்லைன் வரம்பைக் குறையுங்கள். பென்ஷன் கணக்கை யுபிஐயில் இணைக்கவே வேண்டாம். செலவுக்குத் தனியாக ஒரு சிறு கணக்கு போதும்.