0.5 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம் 1 லிட்டர் தயாரிக்க அடர் அமிலம் 25 மில்லியா, 13.6 மில்லியா?

கேள்வி: 98% என்று போட்ட பாட்டிலிலிருந்து 0.5 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம் 1 லிட்டர் தயாரிக்க வேண்டும். கணக்குப் போட்டால் எனக்கு 25 வருகிறது. ஆய்வகத்தில் 13.6 மில்லி என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: உங்கள் 25 தவறான எண் இல்லை. ஆனால் அது கிராம், மில்லி அல்ல.

சல்ஃப்யூரிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 98.08. ஒரு மூலக்கூறில் அமிலமாக வேலை செய்யும் ஹைட்ரஜன் இரண்டு என்பதால் சமான எடை (ஒரு ஹைட்ரஜனுக்கான பங்கு) அதில் பாதி, 49.04. ஒரு லிட்டரில் ஒரு சமான எடை (கிராமில்) இருந்தால் 1 நார்மல்; எனவே ஒரு லிட்டர் 0.5 நார்மலுக்கு 24.52 கிராம் தூய அமிலம் வேண்டும். பாட்டிலில் இருப்பது 98% என்பதால் 24.52 ÷ 0.98 = 25.02 கிராம். நீங்கள் இங்கேயே நின்றுவிட்டீர்கள். லேபிளில் உள்ள சதவீதம் எடைக்கு எடை. அதாவது 100 கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம், 100 மில்லியில் அல்ல. அதே லேபிளில் ஒரு மில்லியின் எடை சுமார் 1.84 கிராம் என்றும் இருக்கும். 25.02 ÷ 1.84 = 13.6 மில்லி. 25 மில்லியை ஊற்றியிருந்தால் கரைசல் 0.92 நார்மல் ஆகியிருக்கும், கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இதே தவறு நடக்கிறது, ஆனால் சட்டென்று கண்ணில் படாது. அதன் அடர்த்தி 1.19 தான், பிழை 19 சதவீதத்தோடு நின்றுவிடும். 37% பாட்டிலிலிருந்து 1 நார்மல் ஒரு லிட்டருக்கு 36.46 ÷ 0.37 ÷ 1.19 = 82.8 மில்லி. 35% பாட்டிலானால் 88 மில்லிக்கு மேல் போகும். அதனால் பழைய நோட்டில் எழுதிவைத்த அளவை அப்படியே எடுக்காமல், கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 1 நார்மல் ஒரு லிட்டருக்கு 70% நைட்ரிக் அமிலம் (அடர்த்தி 1.42) என்றால் 63.4 மில்லி.

கேட்டது நார்மலா, மோலாரா (சமான எடைக்குப் பதில் முழு மூலக்கூறு எடையில் கணக்கிடுவது) என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 0.5 மோலார் சல்ஃப்யூரிக் என்றால் 27.2 மில்லி வேண்டும். மற்ற இரண்டு அமிலங்களிலும் அப்படிப்பட்ட ஹைட்ரஜன் ஒன்றே என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இனி தயாரிப்பு. பீக்கரில் 500 மில்லி வாலை வடிநீர் எடுத்து, அமிலத்தை அதில் மெல்லிய தாரையாக, கண்ணாடிக் கம்பியால் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். மாற்றிச் செய்யவே கூடாது: அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், எடை குறைந்த தண்ணீர் மேலேயே தங்கி, அந்த இடத்திலேயே கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். ஈரமான மெஷரிங் சிலிண்டரில் அடர் அமிலத்தை அளப்பதும் சிறிய அளவில் இதே ஆபத்துதான், உலர்ந்ததையே எடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள்.

இந்த அளவுக்குத் தண்ணீர் எட்டு, ஒன்பது டிகிரி சூடாகும். அந்தச் சூட்டிலேயே திட்டக் குடுவையில் (கழுத்தில் 1 லிட்டர் கோடு போட்டது) கோடு வரை நிரப்பினால், ஆறியதும் மட்டம் கீழே இறங்கியிருக்கும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே குடுவைக்கு மாற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் சேர்த்து, கோடு வரை நிரப்பி, மூடித் தலைகீழாகப் பலமுறை புரட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலும் கரைசல் சரியாக 0.5 ஆக இராது. திறந்த பாட்டிலில் சல்ஃப்யூரிக் ஈரத்தை இழுக்கும், ஹைட்ரோகுளோரிக் ஆவியாகப் போகும். குழம்பு போன்ற அமிலம் சிலிண்டரிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் 13.6-க்குப் பதில் 14 மில்லி எடுப்பது நல்லது. கூடினால் தண்ணீர் சேர்த்துச் சரிசெய்வது எளிது.

பிறகு 250 டிகிரியில் உலர்த்தி ஆறவைத்த சோடியம் கார்பனேட்டால் தரம் பாருங்கள், அதாவது கரைசலின் உண்மையான நார்மலைக் கண்டறியுங்கள். 0.5300 கிராமை நீரில் கரைத்து, நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து அமிலத்தை விடுங்கள். மஞ்சள் ஆரஞ்சாகத் திரும்பும் இடம்தான் முடிவு. இளஞ்சிவப்பு வரை போனால் தாண்டிவிட்டீர்கள். சரியாக 0.5 நார்மல் என்றால் 20.0 மில்லி செலவாகும். 19.6 மில்லி ஆனால் 0.53 ÷ (0.053 × 19.6) = 0.5102 நார்மல் (0.053 என்பது சோடியம் கார்பனேட்டின் சமான எடை 53-ஐ 1000-ஆல் வகுத்தது). மீதி 900 மில்லி இருந்தால் 18.4 மில்லி தண்ணீர் சேர்த்து மறுபடி தரம் பாருங்கள். அல்லது தண்ணீரே சேர்க்காமல், பாட்டிலில் 0.5102 என்றும் தேதியையும் எழுதி, கணக்கில் அந்த எண்ணையே போடுங்கள். இரண்டாவது வழியில் பிழைக்கு இடம் குறைவு.