உறுமல் நின்னுடுச்சாம்

வணக்கம் சார்,

முதல் முறையா நாய் வளர்க்கிறோம். பொமரேனியன், பேரு புஜ்ஜி, அஞ்சு மாசம், மூணு கிலோ இருக்கும். பெரிய பிரச்சனை ஒண்ணுதான், வீட்டுக்குள்ளயே உச்சா போயிடுது, அதுவும் மெத்தை மேல. இவர் ஆபீஸ்ல இருந்து வந்து கொஞ்சலாம்னு குனிஞ்சா அந்த இடத்துலயே விட்டுடுது. என்ன பண்றது? எத்தனை நாளுக்கு ஒரு தடவை குளிப்பாட்டணும், சாப்பாடு எத்தனை வேளை, ராத்திரி அழுதா எழுந்து போகலாமா, இதையும் சொல்லுங்க. மத்தபடி ரொம்ப சமத்து. முன்னாடி தூக்கினா உறுமும், இவர் மூக்குல ரெண்டு தட்டு தட்டி வீட்ல யார் தலைவன்னு காட்டினார், ஒரே வாரத்துல உறுமறது சுத்தமா நின்னுடுச்சு.

ம.

அன்புள்ள ம.,

உங்க லெட்டரை சாதாரணமாத்தான் படிச்சுட்டு வந்தேன், கடைசி வரியில மாட்டிக்கிட்டேன். நல்ல சேதி சொல்ற மாதிரி போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு அந்த ஒரு வரிதான் லெட்டரே. மத்ததெல்லாம் ரெண்டு வரி சமாச்சாரம், முடிச்சுடறேன். குளியல் மாசத்துக்கு ஒண்ணு போதும், நாய்க்குன்னு விக்கற ஷாம்பூ, நம்மளுது வேண்டாம், அதை விட தினம் சீவி விடறது முக்கியம், அந்த முடி சிக்கு விழுந்தா தோலையே இழுக்கும். சாப்பாடு இந்த வயசுல மூணு வேளை, இவ்வளவு சின்ன குட்டி ரொம்ப நேரம் பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்கிடும். ராத்திரி அழுதா போங்க, குழந்தைதானே, படுக்கையை உங்க ரூம்லயே போட்டுட்டா பாதி அழுகை இருக்காது. ஆச்சா?

என்கிட்ட ஒரு நாய் இருந்துச்சு, குண்டூசின்னு பேரு. நாலு கிலோ, என்ன ஜாதின்னு அதுக்கே தெரியாது. தூக்கப் போனா தொண்டைக்குள்ள ஒரு சத்தம் வரும், பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடற மாதிரி. எனக்கும் ஒருத்தர் இதே தலைவன் பாடம் எடுத்தார், உறுமினா மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடி, அடங்கற வரைக்கும் விடாதேன்னு. செஞ்சேன். வெட்கத்தை விட்டு சொல்றேன், மூணு வாரம் செஞ்சேன். உறுமல் நின்னுச்சு. வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்கிட்டேன், உங்கள மாதிரியேதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அக்கா பொண்ணு, ஆறு வயசு, அதோட முன்னங்கால் ரெண்டுக்கும் அடியில கையை விட்டு தூக்குச்சு. தூக்கினது ஞாபகம் இருக்கு, அடுத்தது அந்தப் பொண்ணு மேலுதட்டுல ரத்தம். நடுவுல ஒரு சின்ன சத்தம் கூட இல்ல. சோப்பு போட்டு குழாய்த் தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம் (வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கேன்னு இதை விட்டுடாதீங்க). வழியெல்லாம் எல்லாரும் ஒரே பாட்டு, "சொல்லாம கொள்ளாம கடிச்சிருச்சு". எங்க சொல்லாம இருந்துச்சு? சொல்லிச் சொல்லிப் பார்த்துச்சு, மூணு வாரம் உட்கார்ந்து அது வாயை அடைச்சது நான்.

மறுநாள் நாய் டாக்டர் அதை மேஜை மேல நிறுத்தி பின்னங்காலை மெதுவா நீட்டி மடக்கினார். வலது முழங்கால்ல கட்டை விரலை வெச்சு லேசா தள்ளினதும் சில்லு வழுக்கி உள்பக்கமா போச்சு, விட்டதும் டக்குனு பழைய இடத்துக்கு வந்துச்சு, என் விரலையும் பிடிச்சு அங்க வெச்சு காட்டினார். சின்ன ஜாதி நாய்ங்களுக்கு இது சர்வ சாதாரணமாம். ஓடும்போது திடீர்னு ஒரு பின்னங்காலை தூக்கிட்டு ரெண்டு மூணு தாவு தாவிட்டு மறுபடி ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுமான்னு கேட்டார். ஓடும். நாங்க அதுக்கு டான்ஸ்னு பேர் வெச்சு வீடியோ எடுத்து வெச்சிருந்தோம்.

ம., உங்க மேல கோவம் இல்ல, இருக்கு, கொஞ்சம் இருக்கு. நாய் எடுத்த எடுப்புல உறுமாது. முதல்ல முகத்தை திருப்பிக்கும், உதட்டை நக்கும், தூக்கம் வராமயே கொட்டாவி விடும், உடம்பு கட்டையா விறைக்கும், கண் ஓரத்துல வெள்ளை பிறை மாதிரி தெரியும், இத்தனைக்கும் நாம கண்டுக்கலைன்னாதான் உறுமல். அதுக்கும் அடி விழுந்தா உறுமறதை மட்டும் விட்டுடும், வலியோ பயமோ இருந்த இடத்துலயே இருக்கும். இதே வேலையை ஒரு நாப்பது கிலோ நாய் செஞ்சா நாம ரெண்டடி தள்ளி நின்னு என்னாச்சுன்னு யோசிப்போம், மூணு கிலோவுக்கு மட்டும் சிரிப்பு, இல்லன்னா தட்டு. 60 கிலோ ஆளு உங்க புஜ்ஜியை விட 20 மடங்கு, அந்த சைஸ்ல ஒண்ணு மேல இருந்து கையை இறக்கி உங்களை கேக்காம தூக்கினா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் கத்துவேன்.

அதுலயும் அஞ்சு மாசம்னா பால் பல்லு விழுந்து பெரிய பல்லு முளைக்கற நேரம், ஈறு ரணமா இருக்கும். அங்க பார்த்து தட்டியிருக்கார் உங்க வீட்டுக்காரர்.

இந்த தலைவன் கதை எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 1947ல ஷெங்கல்னு ஒருத்தர் கூண்டுல அடைச்ச ஓநாய்களைப் பார்த்து, அதுங்க மேல கீழன்னு சண்டை போடுதுன்னு எழுதினார். டேவிட் மீச்னு ஓநாய் ஆராய்ச்சியாளர், 1970ல தன்னோட புத்தகத்துல அதை எடுத்துச் சொல்லி உலகம் பூரா பரவிடுச்சு. அதே மீச் அப்புறம் கனடாவுல எல்ஸ்மியர் தீவுல 13 கோடை காலம் காட்டு ஓநாய்களோடயே கிடந்து பார்த்துட்டு, கூட்டம்னா அது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைங்க, குடும்பம், சண்டை போட்டு தலைவன் ஆகற கதையெல்லாம் இல்லன்னு 1999ல எழுதினார். சொன்னவரே மாத்திக்கிட்டார், அடுத்த தெரு அங்கிள் மாத்திக்க மாட்டேங்கறார்.

அந்தக் கடிக்கு அப்புறம் குண்டூசியை நாங்க தூக்கற விதத்தையே மாத்தினோம். தரையில உட்கார்ந்து முதல்ல பேர் சொல்லி கூப்பிடறது, அது கிட்ட வந்தா ஒரு கை நெஞ்சுக்கு கீழ, இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில, வரலைன்னா விட்டுடறது. எட்டு மாசம் கழிச்சு இருக்கும், ஒரு ராத்திரி சோபாவுல படுத்திருந்ததை தள்ளிப் படுக்க வைக்கலாம்னு கை வெச்சேன், ரொம்ப சின்னதா, திரும்பி அடி விழுமோன்னு சந்தேகத்தோட, ஒரு உர்ர் வந்துச்சு. கையை எடுத்துட்டு தரையில பாயை விரிச்சேன். அன்னிக்கு நான் தூங்கின தூக்கம் இருக்கே!

ஐயோ, மெத்தை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் வெளிய கூட்டிட்டுப் போங்க, நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, போனா அந்த இடத்துலயே ஒரு தின்பண்டம். மெத்தைக்கு என்சைம் கிளீனர் (உச்சா வாசனையையே உடைச்சு எடுக்கற திரவம்), அம்மோனியா இருக்கற லிக்விட் வேண்டாம், அது மூக்குக்கு அதுவும் உச்சா வாசனைதான். சொட்டு சொட்டா அடிக்கடி போச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்படியே முழங்காலையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்க.

உங்க வீட்டுக்காரர் குனிஞ்சா விடுதுன்னீங்களே, அது வேற. சந்தோஷத்துல விடற குட்டியும் உண்டு, ஆனா மூக்குல வாங்கின குட்டி குனியற ஆளைப் பார்த்து விட்டா அது பெரும்பாலும் கெஞ்சல், என்னை ஒண்ணும் பண்ணாதேன்னு. அதுக்கும் திட்டினா இன்னும் விடும். அவரை வீட்டுக்கு வந்ததும் அதைக் கண்டுக்காம, குனியாம, ஓரமா பக்கவாட்டுல தரையில உட்காரச் சொல்லுங்க, அதுவா வந்து மோந்து பார்க்கட்டும், ரெண்டு வாரம் ஆகலாம். இந்த பதிலை அவருக்கும் காட்டுங்க, நானும் மூணு வாரம் அழுத்திப் பிடிச்சவன்தான்னு மறக்காம சொல்லுங்க.