திரும்பிப் போய்ப் பார்க்காமல் இருப்பது

வணக்கம் அண்ணா,

எனக்கு வயது 34. ஈரோட்டிலிருந்து பெருந்துறை சிப்காட்டுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு வருடமாக ஒரு தொல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால், யார் மேலாவது ஏற்றிவிட்டேனோ என்று தோன்றிவிடும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். பாதி தூரம் வந்ததும், ஓரத்தில் புதருக்குள் விழுந்திருந்தால் என்று மறுபடி போவேன். சில நாள் வீடு வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. வந்ததும் டயரைப் பார்ப்பேன், மனைவியிடம் கேட்பேன், காலையில் பேப்பரில் விபத்துச் செய்தியைத் தேடுவேன்.

மனநல மருத்துவர் ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதற்காகச் செய்கிற சோதனையும் திரும்பத் திரும்ப வருகிற நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் பரவாயில்லை. கவுன்சலிங் போன இடத்தில் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றும் ஆகவில்லை. அம்மா கோயிலில் கயிறு கட்டலாம் என்கிறார். ஹெல்மெட்டில் கேமரா மாட்டலாமா என்று நான் யோசிக்கிறேன். உண்மையிலேயே பேசிப் பேசி இதைச் சரிசெய்ய முடியுமா? அப்புறம், நான் யாரையும் இடித்திருக்க மாட்டேன்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "இல்லை" என்று நான் எழுதினால் ஒரு பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கும். பிறகு, "இவர் அந்தச் சாலையிலேயே இல்லையே, இவருக்கு எப்படித் தெரியும்?" என்று தோன்றும். உங்கள் மனைவி தினமும் "ஒன்னும் ஆகலீங்க" என்று சொல்கிறாரே, அந்தப் பதிலின் ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

நான் மருத்துவன் இல்லை. நெருங்கிய உறவினர் ஒருவருக்குக் கை கழுவுகிற ஓசிடி இருந்தது. அவருடைய சிகிச்சையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

பேச்சு சிகிச்சை என்றதும் எதிரே ஒருவர் உட்கார்ந்து ஆறுதல் சொல்வார், சின்ன வயதுக் கதை கேட்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓசிடிக்கு அது பெரிதாக உதவுவதில்லை. உதவுவது ஈஆர்பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. பயத்தைக் கிளப்புகிற சூழலுக்குள் தெரிந்தே போவது, போனபின் வழக்கமாகச் செய்கிற சோதனையையோ சடங்கையோ (பயத்தை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்கிற செயலையோ) செய்யாமல் இருப்பது, இவ்வளவுதான் அதன் சாரம். அதில் பேச்சும் உண்டு, ஆனால் பாதி வேலை சாலையில்தான் நடக்கும்.

இதன் வரலாறு சுவாரசியமானது. 1960கள் வரை ஓசிடி என்றால் மருத்துவர்கள் கையை விரித்துவிடுவார்கள். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், பல வருடம் வேறு சிகிச்சைகள் பார்த்தும் குணமாகாத இரண்டு பெண்களை உள்நோயாளிகளாகச் சேர்த்து, சடங்குகளைச் செய்ய விடாமல் நர்ஸ்களைக் கூடவே இருக்கவைத்தார். சடங்கைச் செய்யாவிட்டால் பெரும் கெடுதல் வரும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. செய்யாமலேயே நாள் போனால்தானே அந்த எதிர்பார்ப்பு உடையும்? இருவருக்கும் நன்றாகவே குறைந்தது. 1966இல் அதை அவர் எழுதி வெளியிட்டார். இன்றைய ஈஆர்பி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

எண்ணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1978இல் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போன பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்களிடம், வேண்டாத, அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் வரும் என்றார்கள். ஓசிடி உள்ளவர்களின் எண்ணங்களோடு கலந்து வைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இருக்கவில்லை. ஆக, பள்ளத்தில் இறங்கும்போது "யாரையாவது இடித்தோமோ" என்று உங்களுக்கு மட்டும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்கிறது. மற்றவர்கள் அதை விட்டுவிட்டு டீக்கடையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்கோ, தோன்றியபின் பார்க்காமல் போனால் அந்தச் சாவுக்குத் தானே பொறுப்பு என்றாகிவிடுகிறது. 1985இல் பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் ஓசிடியின் மையமாகக் காட்டியது இந்த ஊதிப்போன பொறுப்புணர்வைத்தான். அலட்சியக்காரனுக்கு இந்த வகை ஓசிடி வருவது அபூர்வம்.

ரப்பர் பேண்ட் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லப்பட்டவனின் கதைதான் அது. சிகிச்சை எண்ணத்தை விரட்டப் பார்ப்பதில்லை. எண்ணம் வரட்டும், நீங்கள் வண்டியைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

உங்கள் விஷயத்தில் நடைமுறையில் இது எப்படி இருக்கும்? முதல் ஒன்றிரண்டு அமர்வுகளில் பயங்களைப் பட்டியல் போட்டு, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடச் சொல்வார்கள். பகலில், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் பள்ளத்தில் இறங்குவது 30 என்றால், மழை இரவில் பெருந்துறை சாலையில் வருவது 95 ஆக இருக்கலாம். கீழேயிருந்து ஆரம்பிப்பார்கள். சிகிச்சையாளரே சில சமயம் பின்னால் உட்கார்ந்து வருவார். ஓட்டுவதற்குத் தேவையான அளவுக்கு மேல் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது, வண்டியைத் திருப்பக்கூடாது, வீட்டில் டயரைத் தடவக்கூடாது, பேப்பரில் தேடக்கூடாது. மனதுக்குள் வந்த வழியை ரீவைண்ட் செய்து பார்ப்பீர்களே, அதுவும் கூடாது. பலர் வெளிச்சடங்கை விட்டுவிட்டு இந்த உள்சடங்கில் மாட்டிக்கொள்வார்கள்.

"இடித்திருக்கலாம், எனக்கு ஒருநாளும் உறுதியாகத் தெரியப்போவதில்லை" என்று உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்து தினமும் கேட்கச் சொல்வதும் உண்டு. கொடுமையாகத் தெரியும். என் உறவினர் செருப்பைத் தொட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்த அன்று, எனக்கே எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. பதற்றம் உச்சத்துக்குப் போய், எதுவும் செய்யாமலேயே மெல்ல இறங்கும். எல்லா நாளும் இறங்காது. இறங்காவிட்டாலும், அதோடு இரவுச் சாப்பாட்டை முடிக்க முடிகிறது என்று தெரிந்துகொள்வதே அன்றைய பாடம். ஒவ்வொரு படியும் உங்கள் சம்மதத்தோடுதான். மிரட்டிச் செய்ய வைப்பவரிடம் போகாதீர்கள்.

பலன் கிடைக்குமா என்றால், 2005இல் எட்னா ஃபோவா என்ற உளவியலாளரின் குழுவினர் வெளியிட்ட ஒப்பீட்டில், ஈஆர்பியை முழுதாக முடித்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும், ஓசிடிக்குக் கொடுக்கும் குளோமிப்ரமின் மாத்திரையை மட்டும் எடுத்து முடித்தவர்களில் 48 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம் இருந்தது. "முடித்தவர்களில்" என்பதைக் கவனியுங்கள். பாதியில் ஓடிப்போகிறவர்கள் கணிசம், ஏனென்றால் இது கஷ்டமானது. முன்னேற்றம் என்றால் நோய் முற்றிலும் மறைந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை.

கேமரா வேண்டாம். இரவில் உட்கார்ந்து இரண்டு மணி நேர வீடியோவைப் பார்ப்பீர்கள், பிறகு கேமராவின் கோணத்தில் விழாத இடத்தைப் பற்றி யோசிப்பீர்கள். அம்மாவின் திருப்திக்குக் கயிறு கட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வண்டி எடுக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஆரம்பித்தால் கழற்றிவிடுங்கள்.

மனைவியை முதல் அமர்விலேயே கூட்டிப்போங்கள். அவர் இன்று சட்டென்று பதில் சொல்வதை நிறுத்தினால் வீட்டில் சண்டைதான் வரும். "இது ஓசிடி கேட்கிற கேள்விங்க, நான் பதில் சொல்லலை" என்பதுபோல ஒரு வாக்கியத்தை மூவரும் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது. பதில் மறுப்பதற்கும் அன்பு மறுப்பதற்கும் வித்தியாசம் அப்போதுதான் இருவருக்கும் பிடிபடும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓசிடிக்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுவது வழக்கம், முழுப் பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் தடையில்லை.

யாரிடம் போவது என்பதுதான் நம் ஊரில் சிக்கல். கவுன்சலர் போர்டு மாட்டிய எல்லோருக்கும் இது தெரியாது. ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று கேளுங்கள். "ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீர்களா, எப்படி ஆரம்பிப்பீர்கள்?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ரிலாக்சேஷன் மட்டும் சொல்பவராக இருந்தால் அடுத்தவரைப் பாருங்கள். உங்கள் மருத்துவரிடமே பரிந்துரை கேட்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416இல் தமிழில், இலவசமாக, எந்த நேரமும் பேசி வழி கேட்கலாம். கடுமையாகிவிட்டால் பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது, உள்நோயாளியாகச் சேர்த்தும் ஈஆர்பி செய்கிறார்கள். ஈரோட்டிலிருந்து ரயிலில் போய்விடலாம்.